இறுதிநாட் போர்: திருவெளிப்பாடும் திரைப்படமும்

1. தோற்றுவாய்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவூர், தமிழ் பயில்வார்க்குப் புதிய பெயரன்று. தேம்பாவணி ஆசிரியராகிய வீரமாமுனிவர் (1680–1747) சமயப்பணி ஆற்றிய ஊர்களுள் அஃது ஒன்று. அவ்வூரின் புதிய தேவாலயம் 1747இல் கட்டப்பெற்றது. உயிர்ப்புத் திருநாளையொட்டி அங்குப் பாஸ்கு நாடகமும் தேர்த்திருவிழாவும் நிகழ்ந்து வருகின்றன. அதே மாவட்டத்தில் விராலிமலை முருகன் கோயில் உள்ளது. கந்தர் சட்டியின்போது ஆங்குச் சூரசங்காரம் நடைபெறும். முன்னைய காட்சியில் தலைவன் கொல்லப்படுகின்றான், கொல்லப்பட்டு வெல்கின்றான். பின்னைய காட்சியில் தலைவன் வேல் விடுகின்றான். வேல் விட்டு வெல்கின்றான். தீமையை வெல்லும் நெறிகள் இரண்டனையும் ஒரு மாவட்டத்து மக்கள் ஆண்டுதோறும் கண்டு வருகின்றனர் என்பது கருதத்தக்கது.

இவ்விரண்டோடும் உறவுடைய மூன்றாவது காட்சி ஒன்று, கடந்த அரை நூற்றாண்டாகத் திரைவழியே உலகெங்கும் பரவியுள்ளது. கிறித்தவ மறையின் இறுதிநாட் செய்திகளைக் கருவாகக் கொண்டு, வானோரும் பேய்களும் மாந்தரும் மோதும் சண்டைக் காட்சிகளால் அமைந்த ஆங்கிலத் திரைப்படங்களே அவை. இவற்றை இக்கட்டுரையில் இறுதிநாட் போர்ப்படங்கள் என வழங்குவோம். பொருளால் இவை பாஸ்கு நாடகத்திற்கு இனமானவை. வடிவால் சூரசங்காரத்தை ஒத்தவை. ஆயின் இரண்டினின்றும் ஓரிடத்தில் முற்றும் விலகுகின்றன. மூலநூலாகிய திருவெளிப்பாடு உலக முடிவை வேண்டி நிற்கின்றது. படங்களோ அம்முடிவைத் தடுக்கப் போரிடுகின்றன. ஒரே பொருள் இங்ஙனம் தலைகீழாக மாறியதன் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

2. மூலநூலும் தமிழ்ச்சொல்லும்

விவிலியத்தின் இறுதி நூலைச் சீர்திருத்தச் சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்பர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதனைத் திருவெளிப்பாடு என வழங்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு (1714–1715) தொடங்கி இந்நூல் தமிழ் உடுத்து முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பத்மு தீவிலிருந்த யோவான் என்பார், சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு விடுத்த மடலாக இஃது அமைந்துள்ளது. உரோமப் பேரரசன் தொமீத்தியன் காலத்தில், கி. பி. 95ஐ ஒட்டி, இது தோன்றியது என்பது ஆய்வாளர் பலர் கொள்கை.

நூலின் போக்கினை உணர்த்துவன அதன் உருவகங்கள். பன்னிரண்டாம் இயலில் கதிரவனை ஆடையாக உடுத்த கருவுற்ற பெண்ணொருத்தி தோன்றுகின்றாள். அவள் மகவை விழுங்கக் காத்து நிற்கின்றது ஒரு பெரும் பாம்பு. அப்பாம்போடு வானில் பொருபவர் மிக்கேல். பதின்மூன்றாம் இயலில் கடலினின்று ஒரு விலங்கும் நிலத்தினின்று ஒரு விலங்கும் எழுகின்றன. பத்தொன்பதாம் இயலில் வெண்குதிரை வீரர் வருகின்றார். அவர் வாள் கையில் இல்லை, வாயினின்று புறப்படுகின்றது. போருக்கு முன்னரே அவர் ஆடை குருதியில் தோய்ந்துள்ளது. இவற்றிற்கெல்லாம் திறவுகோல் ஐந்தாம் இயலில் உள்ளது. ஆங்கு வெற்றி பெற்ற சிங்கம் வருகின்றது என்று யோவானுக்கு அறிவிக்கப்படுகின்றது. அவர் நோக்குகையில் கண்டதோ கொல்லப்பட்டதுபோல் நிற்கும் ஓர் ஆட்டுக்குட்டியை. காதால் கேட்டது சிங்கம். கண்ணால் கண்டது ஆட்டுக்குட்டி. வெற்றி என்பது யாதென இந்நூல் கொள்ளும் கருத்து இம்மாற்றத்துள் அடங்கியுள்ளது.

இவ்வுருவகங்களைத் தமிழாக்கியோர் தேர்ந்த சொற்கள் ஆய்வுக்குரியன. பழைய மொழிபெயர்ப்பில் வலுசர்ப்பம் என நின்ற சொல், பொது மொழிபெயர்ப்பில் அரக்கப் பாம்பு என ஆயிற்று. அரக்கன் என்னும் சொல் வந்தமைந்த அளவிலே, தமிழ் படிப்போன் உள்ளத்தில் இராமகாதையும் கந்தபுராணமும் நிழலாடுகின்றன. சீர்திருத்தச் சபையார் ஆட்டுக்குட்டியானவர் என்பர். அஃறிணைப் பெயரின்மேல் உயர்திணை மதிப்பீறு ஏறி நிற்கும் இச்சொல் தமிழிலக்கணத்திற்கு ஓர் அரிய காட்டு. கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டுகளில் செம்மறிப்புருவை என்பது பயின்று வரும். மெலிய உயிர் ஒன்றனுக்கு உயர்ந்தோர் பன்மை கொடுத்துப் பேச வேண்டிய தேவையைத் தமிழ் மரபு இவ்வாறு நிறைவு செய்துகொண்டது.

3. படங்களின் இருவகை

இறுதிநாட் படங்கள் இருவகைப்படும். ஒன்று சமயம் பரப்பும் நோக்கின. மற்றொன்று பொழுதுபோக்கு நோக்கின.

முதல்வகைக்கு 1972இல் அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற 'எ தீஃப் இன் த நைட்' தலைமையான காட்டு. நம்பினோர் திடுமென மறைய, எஞ்சியோர் துன்புறுதல் அதன் கதை. தமிழகத்துப் பெந்தெகொஸ்தே சபையார் இதனை இரகசிய வருகை என்பர். இக்கருத்து திருவெளிப்பாட்டினின்று நேரே எழுந்ததன்று. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் மடலின் நான்காம் இயலை அடியாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் சான் நெல்சன் டார்பி முதலியோர் விரித்துரைத்தது. டிம் லகே, செரி செங்கின்சு என்னும் இருவர் 1995 முதல் எழுதிய 'லெஃப்ட் பிஹைண்ட்' புதினங்களும், அவற்றினின்று 2000இலும் 2014இலும் எடுக்கப்பெற்ற படங்களும் இம்மரபின.

இரண்டாம் வகையே நம் ஆய்வுக்கு உரியது. ரிச்சர்டு டானர் இயக்கிய 'தி ஓமன்' (1976), கிரெகரி வைடனின் 'த பிராஃபெசி' (1995), பீட்டர் ஹையம்சின் 'எண்ட் ஆஃப் டேஸ்' (1999), பிரான்சிசு லாரன்சின் 'கான்ஸ்டன்டைன்' (2005), ஸ்காட் ஸ்டூவர்ட்டின் 'லீஜன்' (2010) என்பன இதன்பாற்படும். 'தி ஓமன்' சண்டைப் படமன்று, அச்சப் படமே. எனினும் பின்வந்த படங்கட்குக் கருவும் குறியும் தந்த முன்னோடி அதுவாகலின் ஈண்டு உடன்வைத்து எண்ணப்பட்டது.

4. வேண்டும் முடிவும் வேண்டா முடிவும்

மூலநூலின் இறுதி இயல் ஆண்டவர் வரவேண்டும் என்னும் வேண்டுதலோடு முடிகின்றது. அதனை முதற்கண் கேட்டோர் சிறு தொகையினர். பேரரசனைக் கடவுளாக வழிபட மறுப்பதால் அல்லலுறும் நிலையில் இருந்தோர். அன்னார்க்கு அன்றைய உலக ஒழுங்கின் முடிவு அச்சமன்று, விடுதலை. இருபத்தோராம் இயல் கூறும் புதிய வானும் புதிய மண்ணும், கண்ணீர் துடைக்கப்படுதலும் அவர்தம் வேட்கைக்கு வடிவம் தந்தன. எனவே நூலில் முடிவு பகையன்று. முடிவைத் தாங்காத அரசே பகை. கடலினின்று எழும் விலங்கு உரோமப் பேரரசைக் குறிக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட பொருள்.

இனிப் படங்களின் தலைவரைக் காண்போம். 'தி ஓமன்' படத்தின் தலைவன் அமெரிக்க அரசின் தூதுவன். 'த பிராஃபெசி' படத்துத் தலைவன், குருப்பட்டம் பெறாது நீங்கிக் காவல்துறை புகுந்தவன். 'எண்ட் ஆஃப் டேஸ்' படத்தில் ஆர்னால்டு சுவார்சனேகர் ஏற்ற தலைவன், முன்னாட் காவலன். 'கான்ஸ்டன்டைன்' படத்துத் தலைவி காவல்துறைத் துப்பாளி. இவ்வொற்றுமை தற்செயலாகத் தோன்றவில்லை. அரசின் தூதுவனும் காவலனும் நிலைபெற்ற உலகின் காப்பாளர். உள்ள உலகம் உள்ளவாறே தொடர்தல் வேண்டும் என்பதே அவர்தம் தொழில். ஆதலின் அவர் கையில் முடிவு என்பது தடுக்கவேண்டிய குற்றமாக உருமாறுகின்றது. மூலநூலில் அரசு விலங்காக நின்றது. படங்களில் அரசின் ஆளே விலங்கை வேட்டையாடுகின்றான். துன்புற்றோர் நூல் வாழ்வாங்கு வாழ்வோர் திரைக்கு ஏறியதன் விளைவு இது. முன்னர் எழுப்பிய வினாவிற்கு இதுவே எமது விடை.

இம்மாற்றம் கருவுற்ற பெண் என்னும் உருவகத்திலும் புலனாகும். நூலில் அவளைக் காப்பது கடவுள். அவளுக்குப் பாலைநிலத்தில் புகலிடம் அமைத்ததும் அவரே. 'லீஜன்' படத்தில் கடவுளே மாந்தரை அழிக்க வானோரை ஏவ, மிக்கேல் தம் சிறகுகளை அறுத்தெறிந்து, துப்பாக்கி ஏந்திப் பாலைநிலத்து உணவகம் ஒன்றில் கருவுற்றாளைக் காக்கின்றார். 'எண்ட் ஆஃப் டேஸ்' படத்தில் 1999ஆம் ஆண்டின் கடைசி நள்ளிரவுக்கு முன் பேயரசன் ஒரு பெண்ணிடத்து மகப்பெற முயல்கின்றான், தலைவன் தடுக்கின்றான். தமிழிலும் ஒலிபெயர்க்கப்பட்டு வெளிவந்த நாக் அசுவினின் தெலுங்குப் படமாகிய 'கல்கி 2898 ஏடி' (2024) இதே அமைப்பினது. ஆங்கும் பிறவா மகவைச் சுமக்கும் பெண்ணை அசுவத்தாமன் காக்கின்றான். கஞ்சனுக்கு அஞ்சிக் கண்ணனைக் கரந்து வளர்த்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வமைப்பு அயலானதன்று.

5. புறத்திணை நோக்கு

தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகளைக் கொண்டு நோக்கின், நூலுக்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடு மேலும் தெளிவாகும்.

வலிமையே பொருளாக, எதிர்த்து வந்த வேந்தனைச் சென்று பொருவது தும்பை. படங்கள் முழுமையும் தும்பைப்பாற்படும். மண் கவர்தல் ஆங்கு நோக்கமன்று. ஆனிரை கவர்தலும் அன்று. ஆற்றலோடு ஆற்றல் பொருது, தலைவன் தறுகண்மை புலப்படுதலே பயன்.

மூலநூலோ காஞ்சியில் தொடங்கி வாகையில் முடிகின்றது. உலகத்தின் நிலையாமையைப் பல்லாற்றானும் உணர்த்துவது காஞ்சி. பேரரசின் செல்வமும் கப்பல் வாணிகமும் ஒரு நாழிகையில் அழிதலைக் கூறும் பதினெட்டாம் இயல் இதற்குச் சான்று. இனி, வாகை என்பது போர்வெற்றி மட்டும் அன்று. தத்தம் கொள்கையில் குற்றமின்றி மேம்படுதலே வாகை எனக் கொண்ட தொல்காப்பியர், அரசரோடு அந்தணரையும் தவத்தோரையும் அறிவரையும் அத்திணையுள் அடக்கினார். வாளேந்தாத் தவத்தோன் வெற்றியும் வாகையே என்னும் இவ்விரிந்த கொள்கை இல்லையேல், கொல்லப்பட்ட ஆட்டுக்குட்டியின் வெற்றியை எத்திணையுள் வைப்பது? ஆவூர்ப் பாஸ்கு நாடகத் தலைவனின் வெற்றியும் இவ்வாகையின்பாற் படுவதே. போரையும் வெற்றியையும் ஒன்றாகக் கருதும் திரைக்கதையாளர்க்குத் தும்பை உண்டு, வாகை இல்லை.

இங்கு ஒரு தடை எழலாம். சூரசங்காரமும் தும்பைதானே; படங்கள் அதனை ஒத்தன எனின் குற்றம் யாது? கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தை நோக்குவார்க்கு வேறுபாடு புலனாகும். இருபிளவாகிய சூரபதுமன் அழிந்தொழியவில்லை. ஒரு பிளவு மயிலாயிற்று. மற்றொரு பிளவு சேவலாயிற்று. ஒன்று முருகனுக்கு ஊர்தி, மற்றொன்று கொடி. பகைவனை ஆட்கொள்ளும் இதனை மறக்கருணை என்பர் சைவர். வேல் எறியும் தும்பையும் ஈற்றில் அருளாக முடிகின்றது. துப்பாக்கித் தும்பைக்கு அம்முடிபு வாய்ப்பதில்லை. பகைவன் பகைவனாகவே அழிகின்றான். அன்றேல் அடுத்த படத்திற்கென ஒளிந்துகொள்கின்றான்.

எனினும் படங்களை ஒருசேரப் பழித்தல் நடுவுநிலை ஆகாது. அவற்றுள் சில தம் இறுதிக் காட்சியில் மூலநூலை நோக்கித் திரும்புகின்றன. 'எண்ட் ஆஃப் டேஸ்' படத்தின் தலைவன் படம் முழுதும் சுட்டுக்கொண்டே வருகின்றான். ஈற்றில் தேவாலயத்துள் ஆயுதத்தை எறிந்துவிட்டு இறைவனை வேண்டுகின்றான். பேயரசன் தன்னுடலிற் புகுந்தபோது, மிக்கேல் சிலையின் வாள்மேல் தானே வீழ்ந்து உயிர் விடுகின்றான். 'கான்ஸ்டன்டைன்' தலைவனும், தனக்கென ஒன்றும் கேளாது, நரகுற்ற பிறளொருத்தியின் விடுதலையை வேண்டியபோதே மீட்சிக்கு உரியனாகின்றான். துப்பாக்கியால் இக்கதையை முடித்தல் இயலாது என்பதைக் கதையே ஒப்புக்கொள்ளும் இடங்கள் இவை. தும்பையில் தொடங்கிய படம் தன்னை அறியாமலே வாகைக்கு வந்து சேர்கின்றது.

6. மெய்ப்பாட்டு நோக்கு

மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு கூறப்பட்டுள்ளன: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன். 'தி ஓமன்' படத்தின் அச்சம் இந்நான்கனுள் மூன்றனைப் படிமுறையில் பயன்கொள்கின்றது. பேயின் மகன் என்பது அணங்கு. கறுப்பு நாய்களும், சிறுவனைக் கண்டு வெகுண்டு எழும் குரங்குகளும் விலங்கு. இறுதியில் அச்சிறுவன் நாட்டுத் தலைவரின் பக்கத்தில் நின்று, பார்ப்போரை நோக்கி முறுவலிக்கின்றான். இஃது அரசன் பொருட்டாகிய அச்சம். தீமை ஆட்சிப் பீடத்தை அணுகிவிட்டது என்னும் இக்குறிப்பே பின்வந்த படங்களினும் இப்படத்தை உயர்த்துகின்றது. விலங்கு என்பது அரசே என்ற மூலநூற் கருத்தினை நெருங்கி வந்த படம் இது.

பின்வந்தவற்றில் அச்சம் குறைந்து மருட்கை மிக்கது. புதுமையும் பெருமையும் மருட்கையின் நிலைக்களன்களுள் அடங்குவன. பொறிநுட்பம் வளர வளரச் சிறகுகளும் தீப்பிழம்பும் பெருகின. சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் எனப் பேராசிரியர் கூறும் நான்கனுள் சுவைப்பொருள் மட்டும் பருத்து, ஏனைய மெலிந்தன. பார்ப்போன் வியக்கின்றான், நடுங்குவதில்லை.

7. தமிழ்த் திரையில்

நம் நிலப்பகுதிக்குத் திரைப்படம் வந்த வரலாறே கிறித்துவின் கதையோடு பிணைந்தது. திருச்சிராப்பள்ளியில் இருப்புப்பாதைத் துறையில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியும் படச்சுருள்களும் வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அடித்துக் காட்டினார். அச்சுருள்களுள் இயேசுவின் வாழ்க்கை பற்றியதும் ஒன்று. பாஸ்கு மேடையின் பொருளே திரையிலும் முதலில் ஏறியது எனலாம்.

இறுதிநாட் பொருளைத் தமிழில் தந்தது தக்காளி சீனிவாசன் இயக்கிய 'ஜென்ம நட்சத்திரம்' (1991). இது 'தி ஓமன்' படத்தின் தழுவல். இதன் பெயர்மாற்றம் நுண்ணிதின் நோக்கத்தக்கது. ஆங்கிலத் தலைப்பு தீக்குறியைச் சுட்டும். தமிழ்த் தலைப்போ பிறந்த நாண்மீனைச் சுட்டும். மறைநூல் முன்னுரைத்த உலகப்பொதுத் தீமை, ஒருவன் பிறப்பின் பலனாகத் தமிழ்ப் பார்வையாளர்க்கு அறிமுகப்படுத்தப்படுகின்றது. உலக முடிவு என்னும் கருத்து நமக்கு அயலாயினும், நாளும் கோளும் என்னும் கருத்து பழகியது. வேற்றுநாட்டுக் கதை நம் நாட்டில் வேரூன்ற இவ்வாறு ஒரு பழஞ்சொல்லின் துணை வேண்டப்பட்டது.

இதே காலத்தில் வேறொரு வகையும் வளர்ந்தது. புதுக்கோட்டைக்கு அண்மையதாகிய காரைக்குடியிற் பிறந்த இராம நாராயணன் (1949–2014) இயக்கிய 'ஆடி வெள்ளி' (1990), 'பாளையத்து அம்மன்' (2000) முதலிய அம்மன் படங்கள் அவ்வகையின. தெய்வ ஆற்றலும் தீய ஆற்றலும் மோதுதல் இவற்றிலும் உண்டு. ஆயின் இவற்றில் ஈற்றுப் போரைச் செய்வது தெய்வமே. அடியார் அழுகின்றனர், அம்மன் வருகின்றாள். காக்கப்படுவதும் உலகன்று, ஒரு குடும்பம் அல்லது ஓர் ஊர். தெய்வத்தின் இடத்தில் துப்பாக்கி ஏந்திய மாந்தனை நிறுத்திய மேலைப் படங்களினும், துன்புற்றோர் குரலுக்குத் தெய்வம் செவிசாய்க்கும் இவ்வமைப்பே ஓராற்றான் திருவெளிப்பாட்டிற்கு அணித்தாகும்.

காலக் கொள்கையும் ஈண்டு கருதற்பாலது. தமிழில் ஊழி என்பது மீண்டும் மீண்டும் வருவது. ஒடுங்கியது மீளத் தோன்றும். கிறித்தவ மரபில் முடிவு ஒருமுறையே. கத்தோலிக்கர் பொதுத்தீர்வை என வழங்கும் தீர்ப்பிற்குப் பின் மீட்சியில்லை. போர்ப்படங்கள் இரண்டனையும் சாராதன. அவற்றில் ஊழி ஒடுங்குவதும் இல்லை. தீர்ப்பு வருவதும் இல்லை. முடிவு தள்ளிவைக்கப்படுகின்றது; அவ்வளவே.

8. பாட ஆராய்ச்சியின் தேவை

இவ்வாராய்ச்சி வெறும் இலக்கியச் சுவைபற்றியதன்று. படத்தை மறைநூலுக்கு உரையாகக் கொள்வார் பலர் உளர். அதனால் விளையும் தீங்கும் உண்டு. மூன்று செய்திகள் ஈண்டுச் சுட்டத்தக்கன.

முதலாவது, எதிர்க்கிறித்து என்னும் சொல் திருவெளிப்பாட்டில் ஓரிடத்தும் இல்லை. அது யோவானின் முதல் இரு மடல்களில் மட்டுமே வருவது. ஆங்கும் அது பலரைக் குறிக்கப் பன்மையிலும் வழங்கும். இரண்டாவது, 'தி ஓமன்' படத்தில் திருவெளிப்பாட்டினது என்று குரு ஒருவர் கூறும் பாட்டு, விவிலியத்தில் இல்லை, படத்திற்கென யாக்கப்பட்டது. மூன்றாவது, பதின்மூன்றாம் இயலின் 666 என்னும் எண். எபிரேய எழுத்துகட்கு எண்மதிப்பு உண்டு. நீரோ பேரரசன் பெயரை நேரோன் சீசர் என அவ்வெழுத்துகளில் எழுதிக் கூட்டின் 666 வரும். பழஞ்சுவடிகள் சிலவற்றில் 616 என்னும் பாடம் காணப்படுகின்றது. ஐம்பது மதிப்புடைய ஈற்று னகரம் நீங்கி நேரோ என நின்றால் அவ்வெண் வருதல் காண்க. பாடவேறுபாடே பொருளுக்குச் சான்றாகி நிற்கும் இடம் இது.

பண்டை அரசனைச் சுட்டிய எண்ணைத் தம் காலத்து மாந்தர்மேல் ஏற்றி, இவனே விலங்கு எனக் கைகாட்டுதல் மேலைநாட்டில் பன்னூறு ஆண்டுகளாக நிகழ்ந்து வருவது. வேற்றுச் சமயத்தாரும் வேற்றுக் கட்சியாரும் அக்கைக்கு இலக்காயினர். திரைப்படம் அக்கைக்கு வலிமை கூட்டுகின்றது. விலங்கு என்று காட்டப்பட்டவனைச் சுடுதல் அறம் என்றும் அது கற்பிக்கின்றது. பல சமயத்தார் அண்டை வீட்டாராக வாழும் நம் ஊர்களில் இக்கல்வியின் விளைவு எளிதிற் கருதி ஒதுக்கற்பாலதன்று. ஏட்டுச்சுவடியின் பாடங்களை ஒப்புநோக்கிப் பொருள் காணும் பயிற்சி தமிழாய்வாளர்க்கு உண்டு. அப்பயிற்சியைத் திரைப்படத்தின் மேலும் செலுத்துதல் கடமையாகின்றது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். இறுதிநாட் போர்ப்படங்கள் திருவெளிப்பாட்டின் உருவகங்களைக் கைக்கொண்டு அதன் கருத்தைக் கைவிட்டன. துன்புற்றோர் வேண்டிய முடிவு, நிலைபெற்றோர் அஞ்சும் முடிவாயிற்று. வாகைக்குரிய பொருள் தும்பையாகக் குறுகிற்று. அவற்றுள் சிறந்தன மட்டும், ஆயுதத்தைக் கீழே வைக்கும் ஈற்றுக் காட்சியால் மூலத்தை நினைவூட்டுகின்றன. தமிழ்நாட்டிலோ, கொல்லப்பட்டு வெல்லும் தலைவனைக் காட்டும் பாஸ்கு மேடையும், பகைவனை மயிலாகவும் சேவலாகவும் ஏற்றுக்கொள்ளும் சூரசங்காரமும் இன்றும் வழக்கில் உள்ளன. திரையில் காணும் வெற்றியை அளந்தறிய இவ்விரண்டும் தக்க அளவுகோல்கள். புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சிவகங்கை மாவட்டங்களின் பாஸ்கு நாடக ஏடுகளைத் தொகுத்து, அவற்றில் மிக்கேலும் பசாசும் பேசும் பகுதிகளை அம்மன் படங்களின் உரையாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்வார்க்கு இத்துறையில் களம் விரிந்து கிடக்கின்றது.